பின் சீட்டில் அழுத அக்கா

பின் சீட்டில் இருந்த அக்கா அழுதார் என்று சொன்னது நான்தான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை அழுதார் என்று சொன்னேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒன்பது வயதுப் பிள்ளை பொய் சொல்லாது என்று ஓர் ஊரே நம்பியது. நானும் பொய் சொல்லவில்லை.

அறுபதுகளின் கடைசி. ஐப்பசி மழை. அப்பா தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் வாடகைக் கார் ஓட்டினார். கறுப்பு வண்டி. எங்கள் கைக்கு வரும்போதே அதற்கு வயதாகியிருந்தது. முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு ஜெபமாலை தொங்கும். அம்மா பிரசவத்துக்குச் செங்கல்பட்டுக்குத் தன் தாய்வீட்டுக்குப் போயிருந்தார். என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டாண்டுக்கு வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். சவாரி வந்தால் நானும் போவேன். ஒல்லியான பிள்ளை, யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

அன்றைக்கு மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குப் போக வண்டி வேண்டும் என்று ஓர் ஆள் நனைந்துகொண்டு வந்து கூப்பிட்டார். மேடவாக்கம் பக்கத்தில் ஒரு கிராமம் என்றார். நாங்கள் போனோம். ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய மாமியார் நின்றிருந்தார். இரண்டு பேருமாக ஓர் அக்காவைத் தூக்கி வந்தார்கள். அந்த ஆளின் பெண்டாட்டி. காச நோயில் அங்கே படுத்திருந்தவராம். எலும்பும் தோலுமாக இருந்தார். பின் சீட்டில் நடுவில் உட்காரவைத்து, இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் அம்மா என்று நெருக்கி உட்கார்ந்தார்கள். தலை சாயாமல் இருக்க அந்த அம்மா தன் தோளைக் கொடுத்தார். முந்தானையை இழுத்து வாயை மூடிவிட்டார்.

"தூங்குது. மெதுவாப் போங்க" என்றார்.

அப்பா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இறங்கி, பின்பக்கக் கதவுகிட்டே போய் அந்த ஆளோடு பேசினார். மழைச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆள் கதவு வழியாகக் கையை நீட்டி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டது மட்டும் தெரிந்தது. அப்பா திரும்பி வந்து முகத்தைத் துடைத்தார். ஜெபமாலையை ஒரு தடவை தொட்டார். வண்டியைக் கிளப்பினார், விளக்கைப் போட்டார்.

அப்போதுதான் கேட்டது. மெல்லிசாக ஆரம்பித்து, இழுத்துக்கொண்டே மேலே போய், தொண்டை அடைத்த மாதிரி நின்றது. பெண் குரல். அதற்கு முன்னால் அப்படி ஒரு சத்தத்தை அந்த வண்டியில் நான் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தேன். அக்காவின் கன்னத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அழுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

வேளச்சேரி ரோட்டில் போனோம். சேலையூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் தண்ணீர்தான். அந்த அம்மா மகளோடு பேசிக்கொண்டே வந்தார். "தோ பார், செம்பாக்கம் வந்துட்சி. தோ பார், அப்பா கடலை வாங்கிக் குடுத்த எடம்." மகள் பதில் சொல்லவில்லை. அம்மா நிறுத்தவும் இல்லை. கையில் ஒரு டம்ளர் வைத்திருந்தார். அதில் விரலை நனைத்து, முந்தானைக்குள் விட்டு, மகளின் உதட்டில் தடவினார். வழி நெடுக அதைச் செய்தார்.

விளக்கு வெளிச்சம் சரியில்லை. அரிக்கேன் விளக்கு மாதிரி மஞ்சளாக எரிந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு லைட் மினுக்கிக்கொண்டிருந்தது. அப்பா அதைத்தான் அடிக்கடி பார்த்தார், ரோட்டைவிட.

ஏரிக்கரை வந்தபோது முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. அப்பா ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, ஸ்பேனரோடு இறங்கி பானட்டைத் தூக்கினார். அது எழுந்ததும் அப்பா மறைந்துவிட்டார். டங் டங் என்று தட்டுவது மட்டும் கேட்டது. மழை நின்றிருந்தது. அந்த அம்மா பேச்சை நிறுத்தியிருந்தார். புருஷன் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காருக்குள் அவ்வளவு அமைதி.

அப்போது இரண்டாவது தடவை கேட்டது. அதே குரல். முன்னைவிடச் சின்னதாக.

சட்டென்று திரும்பினேன். அந்த அம்மாவின் வாய் மூடியிருந்தது. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் வாய்மேல் கிடந்த முந்தானை அசைந்ததா என்று கேட்டால், தெரியாது. முன்பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஊர் வரும்வரை அசையவில்லை.

ஊருக்குள் நுழையும் இடத்திலேயே நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். நடுவில் பெரிய குடையோடு ஒரு பெரியவர். அந்த ஊரில் அவர் சொல்வதுதான். எங்கேயோ வெளியில் உயிர் போனவர்களை அந்த ஊரில் வீட்டுக்குள் விட மாட்டார்கள். தெருவிலேயே கிடத்தி, தெருவிலேயே எடுத்துவிடுவார்கள். உயிரோடு வாசற்படி தாண்டினால் சொந்த வீடு, சொந்த விளக்கு, சொந்த ஜனம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்.

"ஜீவன் இன்னும் கீதா?" என்றார் பெரியவர்.

"கீது மாமா" என்றார் புருஷன்.

பெரியவர் குனிந்து பின் சீட்டைப் பார்த்தார். நோய்க்குப் பயந்தோ என்னவோ கையை உள்ளே விடவில்லை. அப்பாவைப் பார்த்தார். அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்தார். கடைசியில் பெரியவர் என்னைப் பார்த்தார்.

"பாப்பா, வர வழியில இவங்க எதுனா பேசனாங்களா?"

"பேசல" என்றேன்.

பெரியவரின் குடை கதவை மறைத்தபடியே இருந்தது.

"அழுதாங்க. வண்டி கெளம்பச்சொல்ல அழுதாங்க. அப்பால ஏரிகிட்ட அழுதாங்க."

பெரியவர் குடையை நகர்த்தி வழிவிட்டார். அந்த ஆள் பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு, ஓடாத குறையாக வீட்டுக்குள் போனார். பின்னாலேயே மாமியார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பெண்களின் ஓலம் எழுந்தது. இப்போதுதான் போச்சு என்று வாசலில் பேசிக்கொண்டார்கள். அப்பா வண்டியைத் திருப்பிவிட்டார்.

திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. அப்பா விளக்குப் போடவில்லை. கண்ணாடித் துடைப்பானும் போடவில்லை. தலையை வெளியே நீட்டி, ரோட்டைத் தடவித் தடவி ஓட்டினார். சத்தமே இல்லை. ஏரி தாண்டியபிறகு கேட்டார்.

"ஏரிகிட்ட அழுதாங்கன்னியே, எப்போ?"

"நீ மூடியத் தொறந்துகினு நின்னப்போ."

"எஞ்சின் ஓடிச்சா?"

"இல்லியே. நீதான் நிறுத்திட்டு எறங்கின."

அப்பா தலையைத் திருப்பிப் பின் சீட்டைப் பார்த்தார்.

முதல் அழுகைக்கு எனக்கு இப்போது காரணம் தெரியும். என் வீட்டுக்காரர் லாரி ஷெட்டில் வேலை செய்தவர், அவர் சொன்னார். எஞ்சினின் முன்பக்கம் ஒரு பெல்ட் ஓடும். ஃபேனைச் சுற்றுவதும் அதுதான், டைனமோவைச் சுற்றுவதும் அதுதான். பெல்ட் தேய்ந்து தளர்ந்தால் பிடிமானம் போய்விடும். மழை ஈரம் பட்டு, விளக்கையும் போட்டுவிட்டால் டைனமோவுக்குப் பாரம் கூடும். பெல்ட் வழுக்கும். வழுக்கினால் கீச்சென்று கத்தும். கரண்ட் வராமல் விளக்கு மங்கும், சிவப்பு லைட் எரியும், ஃபேன் ஓடாமல் எஞ்சின் சுடும். கட்டை விரலால் பெல்ட்டை அமுக்கிப் பார்த்தால் போதும், தொளதொளவென்று உள்ளே போகும். அப்பா ஏரிக்கரையில் அதைத்தான் பார்த்திருக்கிறார். எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. நின்றுபோன எஞ்சினில் பெல்ட் கத்துமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். எப்படிக் கத்தும் என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

மறுநாள் அப்பா ஸ்டாண்டுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. டைனமோவை எவ்வளவு இழுத்து முடுக்கினாலும் பெல்ட் இறுகவில்லை. அவ்வளவு தேய்ந்திருந்தது. புது பெல்ட்டுக்கு மவுண்ட் ரோடு போனார். அந்த அளவு இல்லை, வந்தால் சொல்கிறோம் என்றார்களாம். வண்டியை வீட்டுக்குப் பின்னால் விட்டு, தார்ப்பாயைப் போட்டு மூடினார். அந்தச் சத்தத்தோடு ஸ்டாண்டுக்குப் போனால் மற்ற டிரைவர்கள் கேட்பார்கள். கேட்டால் அவர்களுக்குப் புரியும். நானோ அதற்குள் அழுத அக்கா கதையைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தேன்.

"இன்னா வாத்தியாரே, வண்டிக்கு ஜொரமா?" என்று ஸ்டாண்டிலிருந்து ஒருவர் வந்து விசாரித்தார்.

"ஆமா" என்றார் அப்பா. வந்தவர் சிரித்துவிட்டுப் போனார். அந்த வாரத்தில் இரண்டு வேளையும் கஞ்சி என்று ஆனது.

விடிகாலையில், பேட்டரி செத்துப்போகாமல் இருக்க, அப்பா தார்ப்பாயை விலக்காமலே உள்ளே புகுந்து வண்டியைக் கிளப்புவார், சத்தம் போயிற்றா என்று பார்க்கக் கொஞ்சம் விளக்கையும் போடுவார். ஜன்னல் வழியாக நான் பார்ப்பேன். முதலில் அந்தக் குரல் எழும்பும். கூடவே தார்ப்பாய்க்குள் மஞ்சள் வெளிச்சம் ஏறும். குரல் இழுக்கும்போது வெளிச்சம் அமுங்கும். குரல் ஓய்ந்ததும் மறுபடி ஏறும். தார்ப்பாய் மொத்தமும் மூச்சு விடுவது போல இருக்கும். நான் போர்வையை வாயில் வைத்துக் கடித்துக்கொள்வேன்.

"அந்த அக்கா இன்னும் எறங்கலியா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தூங்கு" என்றார்.

ஊரில்தான் எல்லாரும் பார்க்க இறக்கினார்களே, அப்புறம் எப்படி உள்ளே இருப்பார் என்று எனக்குக் குழப்பம். ஆனால் குரல் அதேதான். தாகமாக இருக்கும் என்று தோன்றியது. ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து, தார்ப்பாயை விலக்கி, பின் கதவுக்குக் கீழே வைத்தேன். மறுநாள் தண்ணீர் பாதிதான் இருந்தது. காக்காய் குடித்திருக்கும். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். சாயங்காலம் அக்காவின் புருஷன் சைக்கிளில் வந்தார். மழித்த தலை, துண்டு போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வாசலிலேயே அப்பாவிடம் சொன்னார்.

"ஊருல லாரி ஓட்டற பையன் ஒருத்தன், லோடு எறக்கிட்டு இப்பதான் வந்தான். டீக்கடையில கதைய கேட்டுட்டு, மழையில பெல்ட்டு வழுக்கனா கூட அப்பிடித்தான் கத்தும்னு வெளையாட்டாச் சொல்லிட்டான். அது பெரியவர் காதுக்குப் போயிடுச்சி. நாளைக்கி அவனையும் இட்டுகினு வராரு. வண்டிய கெளப்பிப் பாக்கணுமாம்."

அப்பா தார்ப்பாய் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கத்திச்சின்னா வூட்டப் பூட்டிடுவாங்க. செத்தத உள்ள கொண்டாந்தேன்னு. கொழந்த இன்னும் பால்குடி. அதையும் மாமியாரையும் வெச்சிகினு நான் எந்தத் தெருவுல நிக்கறது?"

"போங்க. பாக்கலாம்" என்றார் அப்பா.

அவர் போனபிறகு அப்பா சாப்பிடவில்லை. புது பெல்ட் இன்னும் வரவில்லை. காலையில் நான் துணி துவைக்கக் கல்லுக்குப் போனபோது சோப்புக்கட்டியைக் காணோம். அப்பா அதை எடுத்துக்கொண்டு தார்ப்பாய்க்குள் குனிந்திருந்தார். வருகிறவர்கள் பார்க்க வண்டியைக் கழுவுகிறார் என்று நினைத்தேன். தண்ணீர் எடுத்துப் போகவில்லையே என்றும் நினைத்தேன்.

அவர்கள் தூறலில் நடந்து வந்தார்கள். குடைப் பெரியவர், பின்னால் கைலியோடு லாரி டிரைவர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வெற்றிலை போட்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும், "பழைய குதிர" என்றார்.

அப்பா தார்ப்பாயை எடுத்தார். லாரி டிரைவர் முன் கதவைத் திறந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அப்பா பக்கத்துக் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியவர் வண்டிக்கு முன்னால் குடையோடு நின்றார்.

"எடுங்கண்ணா. விளக்கையும் போடுங்க" என்றார் லாரி டிரைவர்.

அப்பா கிளப்பினார். எஞ்சின் பிடித்தது. விளக்கு எரிந்தது. காதைப் பொத்த நான் கையைத் தூக்கினேன்.

ஒன்றும் இல்லை. எஞ்சின் சத்தம் மட்டும். தூறல் பானட்டின் மேல் பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அக்கா அழவில்லை.

"இன்னும் கொஞ்சம் மிதிங்க" என்றார் லாரி டிரைவர். அப்பா மிதித்தார். அப்போதும் இல்லை. ஆனால் விளக்கு மட்டும் மெல்ல மெல்லச் செத்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பு லைட் எரிய ஆரம்பித்தது. மினுக்கவில்லை. நின்று எரிந்தது.

"அப்பா, செவப்பு லைட்டு எரியுது" என்றேன்.

"இன்னா லைட்டு?" என்றார் பெரியவர்.

லாரி டிரைவர் அந்த லைட்டையே பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

"ஒண்ணுமில்ல பெரிப்பா. சாவி போட்டா எரியும். அழகுக்கு வெச்சிருக்கான்."

எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கி, பானட்டைத் தூக்கினார். உள்ளே கையை விட்டார். கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். விரலை வெளியே எடுத்து மூக்கருகில் கொண்டுபோனார். பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"எப்பிடிடா கீது?"

"கல்லு மாதிரி கீது பெரிப்பா. புதுசு. இது கத்தாது."

கை கழுவத் தண்ணீர் கேட்டார். நான் செம்பில் கொண்டுபோனேன். விருந்தாளிக்குச் செய்யும் முறையாக, "சோப்பு தரட்டாண்ணா?" என்று கேட்டேன்.

"வாணாம்மா. கையிலயே கீது" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. தண்ணீர் ஊற்றினேன். அவர் கையிலிருந்து நுரை வழிந்தது. பெரியவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கழுவினார்.

பெரியவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. சத்தியமாக ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. கார் ஜன்னலுக்குள் விரலை நீட்டி ஜெபமாலையைக் காட்டினார்.

"நீங்க வேற சாமி. இருந்தாலும் சாமி சாமிதான். அதைத் தொட்டுச் சொல்லுங்க. அன்னிக்கி அழுதது அந்தப் பொண்ணுதானே?"

அப்பா இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த கையை எடுத்து மாலையைப் பிடித்தார். அதில் தொங்கும் சின்னச் சிலுவையை விரலுக்குள் மூடிக்கொண்டார். அவ்வளவு நேரம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதானே. நானே சொல்லியிருக்கிறேன்.

"அந்தப் பொண்ணுதான்" என்றார்.

"உசுரோடதான?"

"உசுரோடதான்."

பெரியவர் தலையாட்டினார். என் தலையில் கைவைத்து, "நல்ல கொழந்த" என்றார். இருவரும் கிளம்பினார்கள். லாரி டிரைவர் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, தான் ஓட்டும் லாரியின் முதலாளிக்குத் தெரிந்த ஒரு கடை பாரிமுனையில் இருக்கிறது, அந்த அளவு பெல்ட் அங்கே கிடைக்கும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். புது பெல்ட் போட்ட ஆளுக்கு இன்னொரு பெல்ட் எதற்கு என்று நான் யோசித்தேன். பெரியவர்கள் எதையாவது சேர்த்து வைத்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாளில் பெல்ட் வந்தது. வண்டி மறுபடி ஸ்டாண்டுக்குப் போனது. அதற்குப் பிறகு ஒரு நாளும் அது அழவில்லை. அந்த ஊர் ஆட்கள் பல தடவை எங்கள் வண்டியைத்தான் தேடி வந்து கூப்பிட்டார்கள். அந்த வீட்டைப் பூட்டவில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போலப் பூசைக்குப் போனோம். அதற்கு முந்தின வருஷம்தான் எனக்கு முதல் நன்மை, பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பம், கொடுத்திருந்தார்கள். நன்மை வாங்கும் நேரம் எல்லாரும் எழுந்து வரிசையில் போனார்கள். அப்பா எழுந்திருக்கவில்லை. முழங்காலில் இருந்தபடியே, முன்னால் இருந்த பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறுகூட அவர் நன்மை வாங்காமல் இருந்ததில்லை.

"வாப்பா" என்றேன்.

"நீ போ. உனக்கு ஒண்ணும் இல்ல."

நான் மட்டும் போனேன். வாங்கிக்கொண்டு திரும்பும்போது பார்த்தேன். கோயிலில் ஆண்கள் பக்கம் முழுக்கக் காலியாக இருந்தது. அப்பா ஒருவர் மட்டும் அங்கே இருந்தார். அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படித்தான். தம்பி பிறந்து, அம்மா திரும்பி வந்து, அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்கும் அப்படித்தான்.

நன்மை வாங்குகிற அன்றைக்குப் பாவமில்லாத மனசோடும் வெறும் வயிற்றோடும் போக வேண்டும். அப்பா காலையில் யாருக்கும் தெரியாமல் டீ குடித்துவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.